கசடு கனியும் வரை

பனங்கள் காத்திருக்காது. விடியலில் முட்டியில் சேர்ந்தது பத்து மணிக்குள் நுரைத்துவிடும். மத்தியானத்தில் அதில் வெறி ஏறும். பொழுது சாயும்போது புளிப்புத் தலைகாட்டும். மறுநாள் அது வினாகிரியாகும் வழியில் பாதி தூரம் போயிருக்கும். குச்சவெளியிலோ சம்பூரிலோ பனை நிற்கும் கரையோரங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பிளாவில் ஊற்றிய கள்ளில் சின்னச் சின்னக் குமிழிகள் எழுந்து உடைவதையும், காது வைத்தால் கேட்கும் அந்த மெல்லிய இரைச்சலையும் தவறணைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் அறிவார்கள்.

ஆன்மிகம் பேச வந்த இடத்தில் கள் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் முழுவதும் ஒதுக்கினார். திருமூலரும் திருமந்திரத்தில் அதே தலைப்பில் பாடி, சிவானந்தம் என்னும் தேறல் இருக்க வேறு கள் எதற்கு என்ற பொருளை வைத்தார். குடியால் அழிந்த வீடுகள் நம் ஊர்களிலும் உண்டு. நான் குடிக்கச் சொல்லவில்லை. அந்தக் குமிழிக்குள் இருக்கும் காலத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

கள்ளை நுரைக்க வைப்பது மதுவம் என்ற நுண்ணுயிர். பாளையிலும் முட்டியின் உட்சுவரிலும் காற்றிலும் அது முன்பே இருக்கிறது. பாளையிலிருந்து வடியும் இனிப்பைத் தின்று அது அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிவிட்டால் மதுவம் வேலை செய்யாது. அப்போது இறங்குவது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு இருந்தால் பிள்ளைக்குக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் தகப்பனைத் தள்ளாட வைக்கும்.

இதே மதுவம்தான் பிரான்சில் ஷாம்பெய்ன் என்னும் பொங்கும் திராட்சை மதுவையும் ஆக்குகிறது. அங்கே அது இருட்டில், குளிரில், பல ஆண்டுகள் வேலை செய்கிறது.

மார்ன் ஆற்றங்கரையில் மரேய்-சூர்-ஆய் என்று ஓர் ஊர். அதன் மேல் தெற்கு நோக்கிச் சரியும் ஒரு சுண்ணக்கல் மலைச்சரிவு. ஐந்தரை ஹெக்டேயர் மட்டும். குளோ தே குவாஸ் என்று பெயர். செங்குத்தான அந்தச் சரிவில் வேலை பார்ப்பவர்கள் ஒரு காலை உயர்த்தி மறுகாலைத் தாழ்த்தித்தான் நிற்க வேண்டியிருக்கும். பிலிப்போனா என்ற குடும்பம் 1522ஆம் ஆண்டு முதல் அந்தப் பகுதியில் திராட்சையோடு வாழ்ந்து வருகிறது. இந்தச் சரிவை அவர்கள் 1935இல் வாங்கினார்கள். சமவெளியில் இலகுவான நிலம் இருக்க இப்படியொரு இடத்தை ஏன் விரும்பினார்கள் என்று கேட்டால், விடை வெயிலில் இருக்கிறது. வடக்கே குளிர் மிகுந்த அந்த நாட்டில், சாய்ந்து கிடக்கும் மண்தான் சூரியனை நேருக்கு நேர் வாங்குகிறது. மழைநீரும் அங்கே தேங்குவதில்லை. ஏறுவதற்குக் கடினமாக இருக்கும் இடமே பழம் கனிவதற்கு உகந்த இடமாகிறது.

அங்கே அறுத்த திராட்சை முதலில் சாதாரண மதுவாகப் புளிக்கிறது. பின்பு அதைப் போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனியும் கொஞ்சம் மதுவமும் சேர்த்து மூடி, நிலவறையில் கிடத்திவிடுகிறார்கள். தெளிந்திருந்த ஒன்றை வேண்டுமென்றே மறுபடி கலக்குகிறார்கள். போத்தலுக்குள் மதுவம் சீனியைத் தின்று மூச்சு விடுகிறது. அந்த மூச்சுக்குப் போக வழியில்லை, மதுவுக்குள்ளேயே கரைகிறது. உள்ளே ஏறும் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஐந்தாறு மடங்கு. பழைய காலத்தில் கண்ணாடி தாங்காமல் போத்தல்கள் வெடித்தன. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருந்ததும் வெடிக்கும். நிலவறையில் வேலை செய்தவர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஓத்வில்லெர் மடத்தில் 1668 முதல் 1715இல் இறக்கும் வரை மதுவறைக்குப் பொறுப்பாயிருந்த பெரிஞோன் என்ற துறவியைத்தான் உலகம் இந்தக் குமிழிகளின் தந்தை என்று கொண்டாடுகிறது. உண்மையில் அவர் காலத்தில் குமிழி ஒரு குறை. அது வராமல் பார்த்துக்கொள்ளவே அவர் பாடுபட்டார்.

சீனி தீர்ந்ததும் மதுவம் மடிகிறது. அதன் உடல்கள் போத்தலின் அடியில் கசடாகப் படிகின்றன. உடனே எடுத்து எறிந்துவிட மாட்டார்கள். எந்த ஷாம்பெய்னும் பதினைந்து மாதமாவது போத்தலில் கிடக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஒரே ஆண்டின் பழத்தில் மட்டும் செய்து அந்த ஆண்டைப் பெயரோடு போடுவதானால் மூன்று ஆண்டு. நான் சொன்ன மலைச்சரிவின் மது வழமையாக எட்டு ஆண்டும் அதற்கு மேலும் கசடோடு கிடக்கிறது. கசடு மெல்ல மெல்ல உடைந்து கரைந்து மதுவுக்குச் சுவை தருகிறது. அப்பம் சுடும் வாசனை, பருப்பு வறுத்த வாசனை என்றெல்லாம் சுவைஞர்கள் சொல்வது அந்த மடிந்த மதுவத்தின் கொடை.

ஆனால் கலங்கிய மதுவை யாரும் கோப்பையில் ஊற்றுவதில்லையே. கசடை எடுக்க வேண்டும், உள்ளே அடைத்த மூச்சும் போகக் கூடாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ஒரு கைம்பெண். ரெய்ம்ஸ் நகரத்துக் கிளிக்கோ குடும்பத்தின் மருமகள் பார்ப்-நிக்கோல். 1805இல் கணவர் இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. பெண்கள் வணிகம் நடத்தாத காலம். அவர் நடத்தினார். 1816 அளவில் அவரும் அவருடைய மதுவறைத் தலைவரும் கண்டுபிடித்தது மிக எளிய முறை. பலகையில் துளை போட்டுப் போத்தலைத் தலைகீழாகச் சாய்த்து வைப்பது. தினமும் கொஞ்சம், எட்டில் ஒரு பங்கு அளவு, திருப்பி, இன்னும் சற்றுச் சாய்ப்பது. ஆறு எட்டுக் கிழமையில் கசடு முழுவதும் கழுத்துக்கு வந்து சேரும். மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் அழுத்தமே கசடை வெளியே தள்ளிவிடும். குலுக்கினால் கலங்கும். விட்டுவிட்டால் ஒட்டிக்கொள்ளும். கை தேர்ந்தவர் ஒரே நாளில் பல்லாயிரம் போத்தல்களைத் திருப்புவார், ஒன்றையும் குலுக்காமல். இப்போது பெரும்பாலும் இயந்திரம் ஒரு கிழமையில் செய்துவிடுகிறது. சில குடும்பங்கள் மட்டும் கையை விடவில்லை.

இந்த முறையை முதன்முதல் வாசித்தபோது எனக்கு ஷாம்பெய்ன் நினைவில் நிற்கவில்லை. மலபரிபாகம்தான் நின்றது.

சைவ சித்தாந்தம் ஆன்மாவைத் தெளிந்த நீராகத் தொடங்கிப் பிறகு அழுக்கானதாகச் சொல்லவில்லை. செம்பில் களிம்புபோல ஆணவம் அநாதியாகவே உடன் இருக்கிறது. இறைவன் அதற்கு மாயையிலிருந்து உடலையும் உலகத்தையும் கூட்டுகிறான்; கன்மத்தை அனுபவிக்க வைக்கிறான். அழுக்கு ஏறிய உயிருக்கு இன்னும் இரண்டு அழுக்கா என்ற கேள்விக்கு அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் ஒரு வண்ணானைக் கொண்டு விடை தருகிறது. துணியின் அழுக்குப் போக அவன் சாணத்தையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றுகிறான். எல்லாம் சேர்ந்து ஒன்றாகப் போகிறது. தெளிந்த மதுவில் சீனியும் மதுவமும் இட்டுக் கலக்குகிறவரின் கையையும் அந்த வண்ணானின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிறவிதோறும் இன்பமும் துன்பமும் அனுபவித்து ஆணவத்தின் வலி தேய்ந்து வரும் பக்குவத்தை மலபரிபாகம் என்கிறார்கள். அதற்குப் பிறகே சத்திநிபாதம், அருள் பதிதல்.

ஒப்புமை ஓரிடத்தில் நொண்டுகிறது, மறைக்கக் கூடாது. மதுவத்தின் கசடு மதுவுக்குச் சுவை தருகிறது. ஆணவம் ஆன்மாவுக்கு எந்தச் சுவையும் தருவதில்லை என்று சித்தாந்தி உடனே கையை உயர்த்துவார். சரிதான். ஆனாலும் பட்டு அடிபட்டு வந்தவர்களின் பேச்சில் இருக்கும் ஒரு கனிவு, எதையும் படாதவர்களின் பேச்சில் இல்லையே. அந்தக் கனிவு எங்கிருந்து வந்தது? சித்தாந்தி அது அருளால் வந்தது என்பார். அருள் எதன் வழியாக வந்தது என்றுதான் நான் கேட்கிறேன்.

கசடு உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததும் நமக்கு இரண்டு அவசரங்கள் வந்துவிடுகின்றன. ஒன்று, இன்றைக்கே எடுத்து எறிந்துவிட வேண்டும் என்ற அவசரம். மூன்று நாள் தியான முகாமில் கோபத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். படலையைத் திறக்கும்போதே யாரோ செருப்பை இடம்மாற்றி வைத்ததற்கு வெடிக்கிறோம். மற்றது, அப்படியே கிடக்கட்டும், நான் இப்படித்தான் என்ற சோம்பல். அதையும் அவசரம் என்றே சொல்வேன், தன்னைப் பற்றிய தீர்ப்பை அவசரப்பட்டு எழுதிவிடுவதால். அந்த நிலவறைக்காரர் இரண்டையும் செய்வதில்லை. தினமும் வருகிறார், கொஞ்சம் திருப்புகிறார், போகிறார். நாள்தோறும் சொல்லும் திருவைந்தெழுத்துக்கும் இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் உருவேற்றியதில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. எட்டில் ஒரு பங்கு.

சரிவு என்றதும் திருகோணமலையில் இருப்பவனுக்கு வேறு எந்த மலை நினைவுக்கு வரும்? கடலிலிருந்து ஏறக்குறைய 350 அடி நிமிர்ந்து நிற்கும் சுவாமிமலையும், அதன் உச்சியில் கோணேசரும். ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். 1622இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு மான்கள் மேயும் பிரட்ரிக் கோட்டை வழியாகத்தான் நாம் சந்நிதிக்கு ஏறுகிறோம். சில திருமேனிகளை அடியார்கள் எடுத்துச் சென்றார்கள். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் எழுந்தருளியது அப்படித்தான். சிலவற்றை மண்ணில் புதைத்தார்கள். புதைத்தவர்கள் இறந்தார்கள், எங்கே புதைத்தோம் என்று தெரிந்தவர்களும் இறந்தார்கள். மலையுச்சியில் கோவில் இல்லை. ஆனாலும் வழிபாடு நிற்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் வந்து பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: பாறை விளிம்பில் நின்று, பூவும் காணிக்கையும் கீழே கடலில் இட்டு, தீபம் காட்டி வணங்கினார்கள் என்று. தலைமுறை தலைமுறையாக வெறும் பாறைக்கு ஆராதனை.

1950இல் நகரத்தில் ஒரு கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலான திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. முந்நூறு ஆண்டுக்கு மேல் இருட்டில் இருந்தவை. சில ஆண்டுகள் கழித்து எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோவிலின் கற்களைக் கண்டார்கள். கோவில் மீண்டும் எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. இடையில் வாழ்ந்து மறைந்த பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளை நினைக்கிறேன். திரும்ப எழும் என்ற உறுதி எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பாறைக்குத் தீபம் காட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. திராட்சைக் கொடி நட்டவன் அதன் சிறந்த பழத்தைப் பேரனுக்குத்தான் விட்டுப் போகிறான் என்பது பெருமையான பேச்சு. இந்தப் பாறையில் நின்றவர்களுக்குக் கொடியும் இல்லை.

யாழ்ப்பாணத்துத் தோலகட்டியிலும் ஒரு காத்திருப்பு உண்டு. தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத் துறவிகளின் ஆச்சிரமம். மௌனமும் செபமும் உடலுழைப்பும் அவர்கள் வாழ்க்கை. அவர்கள் செய்யும் நெல்லிரசத்துக்கும் திராட்சைரசத்துக்கும் வடக்கில் தனிப் பெயர். போர்க்காலத்தில் அந்த மண்ணை விட்டுப் போக வேண்டியிருந்தது. மௌன விரதம் பூண்டவர்களும் மூட்டை கட்டினார்கள். இடம் பெயரலாம், செபத்தின் நேரம் பெயர்வதில்லை என்பதை அவர்களிடம் பார்த்தோம்.

காத்திருப்பைப் பாடிக்கொண்டே போனால் பனைக்கு அநியாயம் செய்தவனாவேன். பனையின் தர்மம் வேறு. சீவல் தொழிலாளி காலையும் மாலையும் ஏற வேண்டும். இடுப்பில் பாளைக்கத்தி, காலில் தளைநார். பாளையின் நுனியை மயிரிழை அளவு சீவி, முட்டியை மாற்றி, இறங்கி, அடுத்த மரம். சில நாள் ஏறாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும். பாளை சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். வருத்தம், கலியாணம், மழை, எதற்கும் மரம் விடுமுறை தருவதில்லை. தவறி விழுந்தவர்கள் எத்தனை பேர்! அந்தக் குடும்பங்களுக்கும் பிலிப்போனாக்களைப்போல் நீண்ட வரலாறு இருக்கும். ஆனால் அதை 1522 என்று எழுதி வைக்க யாரும் இல்லை, போத்தலில் ஒட்டக் குடும்பப் பெயரும் இல்லை. மரத்தில் ஏறியவனைக் கோவிலுக்குள் ஏறாதே என்று சொன்ன சமூகம் நாங்கள். மாவிட்டபுரத்தில் கோவில் வாசலைத் திறக்கச் சொல்லி 1968இல் போராட வேண்டியிருந்தது. பெரியபுராணம் ஏனாதிநாத நாயனாரை, மரமேறுவோரின் குலமாகக் கருதப்படும் ஈழக்குலச் சான்றார் மரபில் வைத்துப் பாடியிருப்பதை அன்றைக்கு வாசலை மறித்தவர்கள் படிக்காதவர்களும் அல்ல. பகைவன் நெற்றியில் நீறு கண்டதும் போரிடும் எண்ணத்தை விட்டு உயிரைக் கொடுத்தவர் அவர். சந்நிதியில் அவர் திருமேனிக்கு நீறு பூசுவோம், அவர் குலத்தவனுக்கு வாசலில் நீறு எறிந்து கொடுப்போம் என்றால் அது என்ன சைவம்?

கள்ளும் ஷாம்பெய்னும் ஒரே மதுவத்தின் வேலை என்றேன். நம் உள்ளத்தில் ஊறுவனவும் அப்படித்தான் இருக்கின்றன. சில கள் வகை, சில நிலவறை வகை. இரக்கம் கள். பசித்தவனைப் பார்த்த கணத்தில் ஊறுவதை அந்த நேரமே கொடுத்துவிட வேண்டும். அடுத்த கிழமை கொடுப்போம் என்று மூடி வைத்தால் அது கணக்காகவும் விசாரணையாகவும் புளித்துவிடும். நன்றியும் அப்படி. மன்னிப்புக் கேட்பதும் அப்படி. ஆனால் மன்னிப்பது அப்படியல்ல. அது இருட்டில் கிடந்து வரவேண்டியது. கோபத்தை உடனே ஊற்றினால் எல்லார் மேலும் தெறிக்கும். துக்கமோ எந்தச் சட்டம் சொல்லும் மாதக் கணக்குக்கும் அடங்காது. நாம் பெரும்பாலும் மாற்றிச் செய்கிறோம். கோபத்தைப் பொங்கப் பொங்க ஊற்றுகிறோம், இரக்கத்தை நிலவறையில் பூட்டுகிறோம்.

1967இல் லு மான் கார்ப் பந்தயத்தில் வென்ற டான் கர்னி ஷாம்பெய்னைக் குலுக்கிக் கூட்டத்தின் மேல் பீய்ச்சினார். அன்று முதல் வெற்றி மேடைகளில் அது வழக்கமாகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் குலுக்காமல் காத்ததை ஒரு நிமிடத்தில் குலுக்கித் தீர்ப்பது. மகிழ்ச்சியில் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பிறருடைய மனத்தையும் நாம் அப்படியே கையாளும்போது குறை சொல்லத்தான் வேண்டும்.

ஏனென்றால் திருகோணமலை துக்கத்தோடு இருக்கும் மாவட்டம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் ஏறி வந்து கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளில் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். போரில் செத்தவர்கள், கொண்டுபோகப்பட்டவர்கள், இன்று வரை உயிரோடா இல்லையா என்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு என்று இதற்கு வேறுபாடு இல்லை. கோணேசர் மலையில் மாலைப் பூசைக்கு வருகிறவர்களில் யார் யார் என்ன நேர்த்தியோடு வருகிறார்கள் என்று கேட்காமலே தெரியும். சில தாய்மார் தீபாராதனை முடிந்த பிறகும் கடல் பக்கத்துச் சுவரைப் பிடித்தபடி நிற்பார்கள். அவர்களிடம் கதைக்கப் போகிற நல்ல மனிதர்கள் உண்டு. போன காரியம் போய்விட்டது அம்மா, இத்தனை வருடம் ஆகிவிட்டதே, இனி மறந்துவிட்டு இருக்கிற பிள்ளைகளைப் பாருங்கள் என்பார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் அது போத்தலைக் குலுக்குவது. அந்தத் தாயின் உள்ளே எது எவ்வளவு தூரம் கழுத்தருகே வந்திருக்கிறது என்பதைத் திருப்புகிறவனே அறிவான்.

பக்கத்தில் போய் நிற்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம். படி இறங்கும்போது கை கொடுக்கலாம். இவையெல்லாம் அன்றே செய்ய வேண்டியவை, நாளைக்கு ஆகாதவை. மறந்துவிடுங்கள் என்ற சொல்லை மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள்.